பால்சுறா ஏறிய ரயில்

இந்தப் பூமியில் எல்லைக்கோடு என்ற ஒன்றை இன்றுவரை நம்பாத மனிதர் எங்கள் கோட்டைக்குப்பம் கச்சான் ஒருவர்தான். கச்சான் என்பது மேல்காற்றின் பெயர். எப்போது கிளம்பும், எதைக் கவிழ்க்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பழவேற்காடு ஏரிக்கு நடுவே ஆந்திர எல்லை ஓடுகிறது. அதைத் தாண்டி மாட்டிக்கொள்வது கச்சானுக்கு வாடிக்கை. "தண்ணில கோடு எங்க கீது, காட்டு. அழிச்சிட்டுப் போறேன்" என்பாராம். பிடித்தவர்களே சோறு போட்டு அனுப்பிவைப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரை நிஜமான ஒரு நாட்டு எல்லைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு போன வருஷம் என் தலையில் விழுந்தது. அவர் மகள் தேவி என்னிடம் படித்தவள். நர்ஸாகப் போனவள், சுவிட்சர்லாந்தில் இத்தாலி எல்லையை ஒட்டிய ஒரு மலை ஊரில் ரயில்வேக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் பிரசவம். குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. "சார், நைனாவ நீங்கதான் இட்டுனு வரணும்" என்று போனில் அழுதாள். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

பால் ஊற எங்கள் கரையில் ஒரே மருந்து பால்சுறாதான். கச்சான் அதைக் கருவாடாக்கிப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். விமானத்தில் சமர்த்தாக வந்த கருவாடு, மிலானில் ரயில் ஏறியதும் பெட்டியின் வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டது. பயணிகள் போனார்கள், நாய்கள் வந்தன. நானும் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன். கச்சானோ ஆல்ப்ஸைப் பார்த்து, இம்மாம் பெரிய மலையைக் குறுக்கே நிறுத்திவைத்தால் காற்று எப்படி வரும் என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்.

எல்லை நெருங்கும்போது சுங்க அதிகாரி ஒரு அம்மாள் வந்தார். பைக்குள் என்ன என்று கேட்டார். நான் எழுந்துபோய் மீன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. மீனுக்குத் தடையில்லையாம். அதற்குள் கச்சான் முதுகில் கையை நிமிர்த்தித் துடுப்பாக்கி, பல்லைக் காட்டியபடி நடைபாதையில் நீந்தியே காட்டிவிட்டார். சுறாவுக்கு அங்கே தனிச் சட்டம். அனுமதிச் சீட்டு வேண்டும். தாய்ப்பாலை விளக்க அவர் நெஞ்சில் கை வைத்தபோது அந்த அம்மாளின் முகமே மாறிவிட்டது.

என் பக்கம் திரும்பி, "இவர் உங்களோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன். சொல்லிவிட்டு, ஒரு எழுத்தும் புரியாத இத்தாலியப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டேன்.

தேவியின் ஊரில் ரயில் நின்றது. அந்த ஊரைவிட அதன் ரயில் நிலையம் பெரியது. கச்சானை ஓர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். நான் பிளாட்பாரத்து பெஞ்சில், பனிமலைக்கு எதிரே, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஓடிவந்து உள்ளே போய்ப் பேசினார். பை பறிமுதல், ஆள் விடுதலை. வெளியே வந்த கச்சான் கையில் காபி. அங்கேயும் உபசாரம்!

"பயத்துல அப்படிச் சொல்லிட்டேன், கச்சான்" என்றேன்.

"அத்த வுடு வாத்யாரே. எங்க நீ என்னத் தெரியும்னு சொல்லிடுவியோன்னு எனக்குத்தான் பயமாப் போச்சு."

சொல்லிக்கொண்டே என் பெட்டியைத் திறந்தார். என் வேட்டிக்குள் பாதிக் கருவாடு சுருண்டு கிடந்தது. ஏரியில் எல்லை தாண்டினால் பிடித்த மீனை இரண்டு படகில் பிரித்துப் போடுவது அவர்கள் வழக்கம். ஒன்று மாட்டினால் மற்றது திரும்பிப் பார்க்காமல் கரை சேர வேண்டும். மாப்பிள்ளை சட்டென்று திரும்பி மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

தேவி சுறாப்புட்டு தின்றாள். சில நாளில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. கச்சான் அந்த ஊர்த் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "நம்ம ஆளு" என்று தமிழிலேயே அறிமுகம் செய்துவைத்தார். கோட்டைக்குப்பத்தில் இன்று நான் பெரிய சாமர்த்தியசாலி. அந்த 'இல்லை'யில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, வெட்கம் மட்டும்தான் இருந்தது என்பதை இப்போது எழுதிவிடுகிறேன்.

திரும்பும்போது அதே ரயில். தூரத்தில் சீருடை தெரிந்ததும் நான் எழுந்துபோய்க் கச்சானை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அதிகாரி புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் உங்களோடு வந்தவரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.