கரைவலையில் சிக்கிய காடு

நாங்கள் நங்கூரம் என்று கூப்பிடும் ஆளைவிட உதவாக்கரையான ஒரு மனிதரை வடசென்னை இன்னும் பெற்றெடுக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். குடியிருப்பு தண்டையார்பேட்டையில், மூன்றாவது மாடி. கடலே ஊருக்குள் வந்தாலும் அவர் கால் நனையாது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து, படகேறி, எண்ணூர் முகத்துவாரத்துக்கு அப்பால் தீவிலிருக்கும் எங்கள் குப்பத்துக்கு வந்து என் உயிரை வாங்குவார். ஏன் என்று கேட்டால், "வூட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்றது?" என்பார்.

எங்கள் கவலை வேறு. ஒவ்வொரு மழைக்கும் ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்தது. என் வீட்டுப் பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கட்டில் போடத்தான் இடம் பாக்கி. அதற்கு இந்த மேதை கண்டுபிடித்த மருந்து, வேரால் கரை மண்ணைப் பிடித்துவைக்கும் அலையாத்திக் கன்றுகளைச் சேற்றில் நடுவது. குப்பத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. "அவுரு செடி, அவுரே பாத்துக்கட்டும்" என்று வலை பின்னப் போய்விட்டார்கள்.

நட்டதோடு விட்டாரா? எல்லாக் கன்றுகளையும் வரிசையாக ஒரே நைலான் கயிற்றில் கட்டினார்.

"இன்னா நைனா, செடியப் போயி கட்டிக்கினு கீற?" என்றேன்.

"கப்பலயே கட்டி நிறுத்துனவன் நானு. இந்தக் குச்சி எங்க பூடும்?"

போய்விட்டது. அன்று சாயங்காலமே, ஏறிய தண்ணீர் வற்றும்போது முதல் கன்று வேரோடு பிடுங்கிக்கொண்டது. அது அடுத்ததை இழுத்தது. கயிறு நல்ல கயிறு, அறுந்தும் தொலையவில்லை. மொத்தக் காடும் முகத்துவாரத்தைப் பார்த்துக் கிளம்பியது. இவர் இடுப்பளவு சேற்றில் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்.

"கரவல இழுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லியா இங்க?"

கரையில் நின்று ஊரே சேர்ந்து வலை இழுத்துப் பிழைக்கிற எங்களிடம் கேட்கிற கேள்வியா இது? ரோஷத்தோடு ஆணும் பெண்ணும் ஓடிவந்து கயிறு பிடித்தோம். நாலைந்து நண்டுகளோடு காடு கரையேறியது.

மூச்சு வாங்க உட்கார்ந்த நங்கூரம், "கயிறு புடிச்ச கைக்கெல்லாம் பங்கு கீதுல்ல? அவங்கவங்க பங்க எட்த்துக்கினு போங்க" என்றார். கரைவலையில் கிடைத்த பங்கை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் கன்றுகளை வாங்கிப்போய் அவரவர் வீட்டுப் பின்னால் நட்டோம். சொந்தப் பங்கு என்றானதும் ஆட்டை விரட்டவும் சாய்ந்ததை நிமிர்த்தவும் குப்பமே கிளம்பிவிட்டது. இதை அவருடைய மூளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திரும்பவும் குனிந்து நட அவருக்கு உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த மரங்கள் என் தலைக்கு மேல் நிற்கின்றன. போன மழையில் ஆறு வந்து வேர்களில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. என் சுவர் நிற்கிறது. "எல்லாம் நான் கட்டுன கயிறு" என்று அவர் பீற்றிக்கொள்கிறார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்லி, என் மனைவி அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கிறாள்.

ஒரு ஞாயிறு அந்த ஆள் படகில் வந்து இறங்காவிட்டால், எனக்குச் சோறு இறங்குவதில்லை.