கதவில்லாத வீடும் கண்ணாடிக்கடைக் கடனும்

மாறாத அன்பும் மாதம் தவறாத வட்டியும் கொண்ட சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு சித்தியும், நீங்கள் எங்களுக்குக் கடன் கொடுத்தது தெரியாதவரை, நலமாகவே இருப்பார். உங்கள் போனை அவர்தான் முதலில் எடுப்பார் என்பதால் கடைக்குக் கடிதம்.

நல்ல செய்தி. வீடு விலைபோய்விட்டது. கதவில்லாத வீட்டுக்குக் கடன் கிடையாது என்று வங்கி மேலாளர் அப்பாவைக் கதவுவரை வந்து வழியனுப்பியபோது, பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து விற்கும் அவர் கனவுக்குக் கைகொடுத்தவர் நீங்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லோரையும் சின்ன எழுத்துப் படிக்கவைக்கும் நீங்கள், கடன் பத்திரத்திலும் அதே அளவு எழுத்தில், இந்த மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் நாங்கள் குடியிருக்கும் வீடு உங்களுக்கு என்று போட்டிருந்தீர்கள். அப்பா அதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தார். அன்றிலிருந்து அம்மா ஒரு கரண்டிகூட வாங்கவில்லை, “எதுக்கு, தூக்கிட்டு அலையறதுக்கா?” என்கிறார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். குழாய்க்காரர் வந்துபோனதும் சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் மழை பெய்தது, அதைச் சரிசெய்தால் வடக்குச் சுவர் வியர்த்தது, பெயிண்டர் “இது சுவர் இல்ல தம்பி, ஸ்பாஞ்சு” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், நான் விடுவேனா, வீட்டிலிருந்த பசையையெல்லாம் தீர்த்து அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். பார்க்க வந்தவர்கள் “யோசிச்சுச் சொல்றோம்” என்று போனார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். கடைசியில் ஒரு தரகர், பேர் சொல்ல விரும்பாத யாருக்காகவோ வந்தார். என் கூட்டாளிகள் நாலு பேருக்கு அப்பாவின் சட்டைகளை மாட்டி வாசலில் நிறுத்தினேன். ஒருவன் டேப் வைத்து ஜன்னலை அளந்தான். இன்னொருவன் “முழுசும் ரொக்கமாவே தந்துடறேன்” என்று சார்ஜ் இல்லாத மொபைலில் கத்தினான். தரகர் ஓரமாகப் போய்ப் போன் பேசிவிட்டு வந்து, நாங்கள் கேட்டதற்கு மேலேயே ஒரு விலை சொன்னார்.

ஆக, அசலும் வட்டியும் மாதக் கடைசிக்குள் உங்கள் கைக்கு வரும். எங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தூசு தட்டி வையுங்கள். அடுத்த தெருவில் கூரையில்லாத வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், அதற்கும் மனசு வையுங்கள். உங்கள் ஆசி எங்களுக்கும் எங்கள் வட்டி உங்களுக்கும் குறையாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ‘வாலு’

பி.கு.: வாங்குகிறவர் கையெழுத்துப் போட இப்போதுதான் வந்தார். சித்திதான். “ஒரு வீடு வாங்குங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன், கையில காசே இல்லங்கறாரு உன் சித்தப்பா. அதான் வளையலையெல்லாம் வித்து நானே வாங்கறேன். சொந்தக்காரங்ககிட்ட பேரம் பேசக் கூச்சம், தரகரை அனுப்பினேன். அவர்கிட்ட சொல்லிடாத” என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மேசையில் கிடந்த உறையில் உங்கள் பேரைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குத்தானே போறேன், குடு, நானே குடுத்துடறேன்” என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உறையை ஒட்டிக் கொடுக்கலாம் என்றால், பசையெல்லாம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.