கோபத்தைக் குத்தகைக்கு விட்டவர்

மனத்தை வென்றவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. கண்ணை மூடுவார்கள், மூச்சை இழுப்பார்கள், உள்ளே போய் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இருக்கேன்" என்பார்கள். அதற்குள் உங்கள் பஸ் போயிருக்கும்.

நம்மவர் அந்த இனத்தின் அசல் மாதிரி. கட்டட வரைபட அலுவலகத்தில் வரைவாளர். ஒரு காலத்தில் பென்சில் முனை ஒடிந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வீட்டில் குழாய் ஒழுகினால் குழாயையும், குழாய் போட்டவரையும், அவரை அழைத்து வந்த சொந்தக்காரரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பார். பிறகு ரத்த அழுத்தம் எகிறி, தியான மையத்தில் போய் விழுந்தார். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி வெளியே விட்டார். கோபம் போயே போய்விட்டது. அலுவலகத்தில் அவருக்கு 'சாந்தம்' என்றே பெயர் விழுந்தது.

தினமும் மாலையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு தன்னைத்தானே விசாரிப்பார். இன்று யார்மேல் கோபப்பட்டேன்? யார்மேலும் இல்லை. பச்சை மையில் ஒரு டிக். ஒரு நாள் கோபப்பட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தொடர்ந்து நூறு டிக் சேர்ந்தால் மையத்தில் மேடையேற்றிப் பேசச் சொல்வார்கள். 'கோபம் எங்கே போகிறது?' என்று தலைப்புகூடக் கொடுத்துவிட்டார்.

நல்ல கேள்வி. எங்கேதான் போயிற்று?

பக்கத்து அறைக்குப் போயிற்று. சாந்தத்தின் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எத்தனை ரயில் எவ்வளவு தாமதமானாலும் பயணிகளை முணுமுணுக்கவிடாமல் உட்காரவைக்கிற குரல். அந்தக் குரல்தான் இப்போது வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவரிடம் கத்தியது. மூன்று முறை வருகிறேன் என்று வராமல் போன வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் கத்தியது. மொபைலும் கையுமாகக் குளியலறைக்குள் போகும் மகளிடம் கத்தியது. எல்லாம் முன்பு அவர் கத்திக்கொண்டிருந்தவை. வீட்டுக் கோபத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா கோபம் வரும்மா. நீ கேளு. உனக்கு இன்னும் பயிற்சி இல்லையே, பரவாயில்ல."

இதில் பெரிய சண்டை மேல்வீட்டோடு. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இவர்கள் சமையலறைக் கூரையில் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் சொட்டியது. மேல்வீட்டுக்காரர் யார் தெரியுமா? அதே மையத்தில் மூத்த பயிற்சியாளர். முந்நூறு டிக். நூறாவது நாள் நம்மவரை மேடையில் அறிமுகப்படுத்தப் போகிறவரும் அவரே. ஆகவே இரண்டு கணவர்களும் மையத்தில் கைகூப்பிப் புன்னகைத்துக்கொண்டார்கள். இரண்டு மனைவிகளும் மாடிப்படியில் நின்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள்.

தொண்ணூறாவது நாள் அறிவிப்பாளரின் தொண்டை கட்டியது. டாக்டர் குழல் விட்டுப் பார்த்துவிட்டு, "பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறிக் கத்தினீங்கன்னா குரல் திரும்பாது" என்றார். குரல் திரும்பாவிட்டால் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றிவிடுவதாக நிலைய மேலாளரும் சொல்லிவிட்டார். இருபது வருடம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவள் இனி யாரோ விட்டுப்போன குடைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். அந்த நினைப்பிலேயே அவளுக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

நம்மவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா, மௌனம் தானா உன்னத் தேடி வந்திருக்கு. நல்லா வரவேற்கணும்."

மகளின் பழைய சிலேட்டில் அவள் எழுதிக் காட்டினாள்: 'பக்கெட் நிரம்பிடுச்சு.'

அவர் பக்கெட்டை மாற்றினார். கூரையின் சொட்டையே மூச்சுக்குத் தாளமாக வைத்துக்கொண்டார். ஒரு சொட்டுக்கு உள்ளே, ஒரு சொட்டுக்கு வெளியே. சொட்டு வேகமாக விழுந்த நாளில் தலை சுற்றியது, அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார். தொண்ணூற்றொன்பதாவது நாள், வேறு வழியில்லாமல் தாமே மாடியேறினார்.

"உங்க குளியலறையிலேர்ந்து எங்க வீட்டுக்குக் கொஞ்சம் தண்ணி வருது."

மேல்வீட்டுக்காரர் கண்ணை மூடினார். நான்கு. ஏழு. எட்டு. "வருது" என்றார்.

"ஆமா, வருது."

"பதற்றமில்லாம கவனிச்சீங்களா?"

"கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"ரொம்ப நல்லது. நானும் மேலேர்ந்து கவனிக்கிறேன்."

இருவரும் நிறைந்த மனத்தோடு பிரிந்தார்கள். தண்ணீரும் நிறைந்த மனத்தோடு இறங்கியது.

நூறாவது நாள் காலை அவர் சம்மணமிட்டு ஏழு எண்ணி மூச்சை நிறுத்தியிருந்தபோது, கூரைப் பூச்சில் ஒரு தட்டளவு பெயர்ந்து பால் பாத்திரத்தில் விழுந்தது. மகள் அலறினாள். அறிவிப்பாளர் மாடிப்படிக்கு ஓடினாள். டாக்டர் சொன்ன கெடுவில் அதுதான் கடைசி நாள். நம்மவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அவள் மேலே பார்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கை தொண்டையைப் பிடித்திருந்தது, மறு கையின் சுட்டுவிரல் மேல்வீட்டை நோக்கி நீண்டிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

அந்த விரலை அவருக்குத் தெரியும். அவருடைய விரல் அது. அந்த நரம்பும் அவருடையதுதான். நூறு நாளாகத் தம்முடைய கோபத்தை இவள்தான் தொண்டை கிழியச் சுமந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடி அவள் வாயைப் பொத்தினார்.

"நீ சும்மா இரும்மா. நான் கத்துறேன்."

கத்தினார். நூறு நாள் சேமிப்பு சும்மாவா? குழாயில் ஆரம்பித்து, குளியலறை, அதில் குளிக்கிறவர், அவருடைய முந்நூறு டிக் வரைக்கும் போனார். மேல்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து நான்கு எண்ணி இழுத்தார். ஏழு வரை நிறுத்தப் பார்த்தார். ஐந்திலேயே உடைந்துவிட்டார். "யாருய்யா நீ, என் டிக்கப் பத்திப் பேசுறதுக்கு?"

பதினோரு நிமிடம். தெருவே நின்று கேட்டது. மேல்வீட்டம்மா இறங்கி வந்து, அறிவிப்பாளர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளாச்சு, இல்ல?" என்றாள் ஆனந்தமாக. அறிவிப்பாளர் சிலேட்டில் எழுதினாள்: 'மெக்கானிக் நாளைக்கு வரான். இவருக்குக் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கட்டும்.'

கோபத்தோடு கோபமாக மேல்வீட்டுக்காரர் போன் போட்டதில், குழாய்க்காரர் அரை மணியில் வந்து நின்றார். சொட்டு நின்றது.

மாலையில் மையத்தில் மேடை காலியாக இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் இருவரும் அருகருகே உட்கார்ந்து முதல் டிக்கிலிருந்து தொடங்கினார்கள்.

மறுநாள் வேலை எதுவும் இல்லாமலே நம்மவர் ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேடையில் நின்றார். ஒலிபெருக்கி இரண்டு முறை கரகரத்தது. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டார், எண்ணவில்லை. பிறகு அந்தக் குரல் வந்தது. சற்றே மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல். ஏதோ ஒரு ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று வருந்தியது. நடைமேடையில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். அவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றும் காலையில் உட்காருகிறார். எழுந்ததும், அன்றைக்குக் கேட்க வேண்டியவற்றைத் தாமே போய்க் கேட்கிறார். டிக் ஒன்பதைத் தாண்டியதில்லை.

நீங்களும் கண்ணை மூடி உட்காருகிறவராக இருந்தால் நல்லதுதான், உட்காருங்கள். அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு நடை போய், யாருக்காவது தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். என்ன, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை என்று சாந்தமாகப் புன்னகைக்கிறீர்களா? அந்தப் புன்னகையைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.