கேன்சலாரும் அமாவாசை பில்களும்

முகத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறவர்கள் உண்டு. கைரேகை பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு மசால் தோசை பில்லைப் பார்த்து, சாப்பிட்டவர், பரிமாறியவர், பணம் வாங்கியவர், கடை முதலாளி ஆகிய நான்கு பேர் ஜாதகத்தையும் புட்டுப் புட்டு வைக்கிறவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பெயர் கேன்சலார். வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடை வைத்திருக்கிற யாருக்கும் அது தெரியாது.

அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பெட்டிக்கடைக்கு அடுத்த சைஸ் கடையிலேயே பில் போடும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எத்தனை மணிக்கு என்ன விற்றது, யார் பில் போட்டது, எது கேன்சல் ஆனது, எதற்குத் தள்ளுபடி கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் பதிந்து கிடக்கும். முதலாளிகள் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு தூங்கப் போய்விடுவார்கள். விற்பனை கூடியும் லாபம் கூடவில்லை என்றால் கேன்சலாருக்கு போன் போகும். அவர் மஞ்சள் பையில் ஒரு பழைய லேப்டாப்போடு வந்து, கேன்சல் ஆன பில்களைத்தான் முதலில் கேட்பார். "வித்ததைக் கடைக்காரனே சொல்லிருவான். விக்காததைத்தான் நாம கேக்கணும்" என்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

ராமேஸ்வரத்தில் சங்கு விற்கும் ஒரு கடைக்குப் போனார். அங்கே ஒரே ஒரு பெரிய வலம்புரிச் சங்கு, ஒரு வருஷத்தில் பதினோரு தடவை விற்று, பதினோரு தடவை திரும்பி வந்திருந்தது. மாசக் கடைசியில் விற்கும், அடுத்த மாசம் இரண்டாம் தேதி திரும்பி வரும். விற்பனையாளர் ஒருவர் மாச இலக்கை எட்டி ஊக்கத்தொகை வாங்குவதற்காகச் செய்த வேலை அது. கேன்சலார் யாரையும் திட்டவில்லை. "அந்தச் சங்கை நான் பாக்கணுமே" என்று கேட்டு வாங்கி, மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாராம். "இம்புட்டு அலைஞ்சிருக்கு பாவம்."

பாம்பனில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வஞ்சிர மீன் வறுவல் கணக்கில் ஓட்டை. சமையல்காரரைப் போலீஸில் கொடுப்பதா வேண்டாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோது, கேன்சலார் ஒற்றை வரியில் அறிக்கை எழுதிக் கொடுத்தார்: 'நஷ்டத்துக்குக் காரணம், தங்கள் மாமனார்.' வாராவாரம் அவர் குடும்பத்தோடு வந்து 'ஊழியர் தள்ளுபடி'யில் சாப்பிட்டிருக்கிறார். அந்தக் கடையில் கேன்சலாருக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. முதலாளியின் மனைவி அவர் போனதும் வாசலில் தண்ணீர் தெளித்ததாகக் கேள்வி.

பில்லைப் படிப்பதில் அவருக்கு இருந்த ருசியைத் திருட்டோடு மட்டும் சேர்த்துவிடக் கூடாது. எங்கள் ஹோட்டலுக்கு வந்த முதல் நாள், என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"தம்பி, இங்கன பாருங்க. மூணாம் நம்பர் டேபிள். எட்டு பத்துக்கு ரெண்டு இட்லி. எட்டு இருபத்தஞ்சுக்கு ஒரு காப்பி. அடுத்த நிமிசம் அந்தக் காப்பி கேன்சல். அதுக்கடுத்த நிமிசம் ரெண்டு காப்பி, ஒரு கேசரி. என்ன நடந்துச்சு?"

"தெரியலையே சார்."

"கோவிச்சுக்கிட்டு வெளிய நின்ன ஆளு உள்ள வந்து உக்காந்துட்டாங்கய்யா. கேசரி வேற. சமாதானம் ஆயிருச்சு." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஏதோ அவரே பேசிச் சேர்த்துவைத்த மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஹோட்டல் என்றேன் அல்லவா. எழுத வருவதற்கு முன்னால் நான் ராமேஸ்வரத்தில் ஒரு சைவ ஹோட்டலில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இரண்டே பேர். நான் ஒருவன், சுகந்தி இன்னொருவர். சுகந்தி மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி கல்லூரியில் படிக்கிறான், வீட்டில் சம்பாதிக்கிறவர் இவர் மட்டும்.

முதலாளி முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டுப் பணம் பார்த்தவர். மிளகாயை மூட்டையாக எண்ணிப் பழகியவருக்கு வடையை எண்ண வரவில்லை. ஆவணி மாசம் கேன்சலாரைக் கூப்பிட்டார். அவர் வந்த முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்தார்: கேன்சல் ஆன ஆர்டர்களில் பெரும்பாலானவை சுகந்தியின் பாஸ்வேர்டில் நடந்திருந்தன. அதுவும் சில குறிப்பிட்ட நாட்களில் கொத்துக் கொத்தாக.

முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது. "காசை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, பில்லைக் கேன்சல் பண்ணிருக்கா. இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிர்றேன்."

சுகந்தி அழவில்லை. "நான் ஒரு ரூபா தொடேல்ல ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். திருடி என்ற பட்டத்தோடு முகாமுக்குத் திரும்பினால் இந்தத் தீவில் அவரை எந்தக் கடையிலும் ஏற்ற மாட்டார்கள். அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேன்சலார் மூன்று நாள் தவணை கேட்டார். அந்த மூன்று நாளும் யாரோடும் பேசவில்லை. சமையல்கட்டில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கி வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராகு காலம் பார்க்க முடியாமல் சரக்கு மாஸ்டர் சாம்பாரைத் தள்ளிப்போட்டார் என்பது வேறு கதை.

நான்காம் நாள் காலை முதலாளி அறையில் நாங்கள் நான்கு பேரும் நின்றோம். கேன்சலார் ஆரம்பித்தார்.

"முதலாளி, சாப்பிட்டுக் கை கழுவினப்புறம் கேன்சல் ஆனா அது திருட்டு. தண்ணி டம்ளர் வைக்கிறதுக்குள்ள கேன்சல் ஆனா, மனசு மாறிருக்குன்னு அர்த்தம். இந்தப் புள்ள பண்ணுன கேன்சல் அம்புட்டும் ஆர்டர் போட்ட மூணு நாலு நிமிசத்துக்குள்ள. அதே டேபிள்ல உடனே வேற ஆர்டர் போட்டுக் காசும் வாங்கிருக்கு. கேன்சல் ஆனது என்னான்னு பாருங்க. மசால் தோசை, வெங்காய ஊத்தப்பம், சாம்பார் வடை. பதிலுக்குப் போனது இட்லி, தயிர் சாதம். இதெல்லாம் எந்த நாளு?" காலண்டரைத் தூக்கிக் காட்டினார். "எல்லாம் அமாவாசை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் கவுண்டரில் உட்கார்ந்தும் தோன்றாத விஷயம். அக்னி தீர்த்தத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு பசியில் வந்து உட்கார்கிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். கூட வந்த பெரியம்மா யாராவது, "இன்னைக்கு வெங்காயம் சேக்கக் கூடாதே" என்பார். எங்கள் கடையில் ஆர்டரை மாற்ற வழி கிடையாது, கவுண்டரில் கேன்சல் செய்து புதிதாகப் போட வேண்டும். அதற்குள் கல்லில் ஊற்றிவிட்ட தோசைகள் எங்கே போயின என்று கேன்சலார் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

"நீங்க வராத காசைக் காணோம்னு தேடுறீங்க" என்று முடித்தார் கேன்சலார்.

முதலாளி லேசில் விடுகிற ஆள் இல்லை. "அது சரி. நீங்கதான வந்தன்னைக்குச் சொன்னீங்க, லீவே போடாத ஆளை முதல்ல பாருங்க, தான் இல்லாதப்ப குட்டு வெளிப்பட்டுரும்னு திருடுறவன் லீவு போட மாட்டான்னு? எல்லாரும் அமாவாசைன்னா லீவு கேக்குறாங்க. இவ ஒரு அமாவாசைக்குக்கூட லீவு போட்டதில்ல. ஏன்? கூட்டத்துல ஒண்ணு ரெண்டு தள்ளுனா தெரியாதுல்ல."

 கேன்சலார் சொன்ன விதியே அவரைத் திருப்பி அடித்தது. சுகந்தியைப் பார்த்து, "ஏம்மா, அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கயே போயிட்டார்."

"பிறகு ஏன் ஒரு அமாவாசைக்கும் போகல?"

சுகந்தி குனிந்து காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் என்னைக் கொன்றது.

கேன்சலார் என்ன நினைத்தாரோ, "சாப்பாட்டு நேரம் முடியட்டும் முதலாளி, பேசுவோம்" என்று வெளியே வந்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். அரிசி மூட்டை மேல் லேப்டாப் திறந்திருந்தது.

"தம்பி, தை அமாவாசையில இருந்து ஆடி வரைக்கும் ஏழு லீவு போட்டிருக்கீங்க. காரணம், அய்யாவுக்குத் தர்ப்பணம்."

"ஆமா சார்."

"சித்திரை மாசம் ஒரு பில்லு. ரெண்டு பொங்கல், ஒரு வடை, ஒரு காப்பி. ஊழியர் தள்ளுபடி, உங்க பாஸ்வேர்டு. காரணம் எழுதாம மெசினு தள்ளுபடி குடுக்காதுல்ல. நீங்க எழுதிருக்கீங்க, 'எங்க அய்யா'ன்னு." கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "செத்த மனுசன் ரெண்டு பொங்கல் சாப்பிட்டிருக்காரு. நல்ல பசி போல."

என் அய்யா உச்சிப்புளியில் இன்றைக்கும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நன்றாக இருக்கிறார். அமாவாசைக் கூட்டத்தில் மாரடிக்கப் பயந்து, வாயில் வந்ததைச் சொல்லித் தை மாசம் ஒரு லீவு வாங்கினேன். முதலாளி மனம் இளகி, ஐயருக்குக் கொடுக்கச் சொல்லி நூறு ரூபாயும் தந்தார். ருசி கண்டுவிட்டேன். மாசாமாசம் அய்யாவைச் சாகடித்து, நூறு ரூபாயையும் வாங்கிக்கொண்டு, வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடி அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் சுகந்தி என்னிடம் வந்து, "அண்ணா, இந்த ஒருக்கா நீங்க நிப்பீங்களா? தம்பிதான் அப்பாவுக்குக் குடுக்க வேணும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகணும், அவவுக்குத் தனிய ஏலாது" என்று கேட்டார். "எனக்கும் அய்யாவுக்குக் கொடுக்கணுமேம்மா" என்று கூசாமல் சொன்னேன். "ஓம் அண்ணா, நீங்க போங்கோ" என்று அவர் உடனே விலகிக்கொண்டார். கடல் எங்கள் ஹோட்டலிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அப்பா இல்லாத பெண்ணைக் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டு, அப்பா இருக்கிற நான் தூங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் கேன்சலாரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நான் போய்ச் சொன்னா அது ரிப்போர்ட்டு தம்பி. முதலாளி அதுலயும் ஓட்டை தேடுவாரு. நீங்களாப் போய்ச் சொன்னா அந்தப் புள்ள தப்பிக்கும். உங்களுக்கு வேலை போனாலும் போகும். யோசிச்சு வாங்க, நான் காப்பி குடிச்சிட்டு வாரேன்."

அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் நான் முதலாளி அறையில் நின்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முதலாளி கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"ஏலே, உங்கய்யாவுக்காக நான் ஒரு நிமிசம் கண்ணை மூடிக் கும்பிட்டேனேடா" என்றார். எழுநூறு ரூபாயைவிட அதுதான் அவருக்கு வலித்தது போலிருக்கிறது. பிறகு சுகந்தியைக் கூப்பிட்டு, "தப்பா நெனைச்சுட்டேன்மா, மனசுல வச்சுக்காத" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இனி ஒரு அமாவாசைக்கும் எனக்கு லீவு கிடையாது, அய்யா நிஜமாகவே போனாலும் முதலாளி யோசித்துத்தான் சொல்வார் என்று தீர்ப்பானது.

கேன்சலார் தன் அறிக்கையில், 'அமாவாசையன்று ஆர்டர் எடுக்குமுன் வெங்காயம் உண்டா இல்லையா என்று கேட்கவும்' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் உழைப்புக்கு அந்த ஒரு வரி. ஆவணி அமாவாசைக்கு அவர் சொன்னபடி செய்தோம், கேன்சல் படுத்துவிட்டது.

அடுத்து வந்தது புரட்டாசி அமாவாசை. காலை நாலு மணிக்கே கடை நிரம்பிவிட்டது. நான் ஒற்றை ஆளாகக் கவுண்டரில் திணறிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்து போயிருந்த கேன்சலார் மஞ்சள் பையோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் தமிழிலும், தெலுங்கிலும், அரைகுறை இந்தியிலும் வெங்காயத்தைப் பற்றி விசாரித்து உள்ளே அனுப்பினார். ஏழு மணி நேரம். ஒரு காப்பி கொடுத்தேன், காசு கொடுத்துவிட்டுத்தான் குடித்தார்.

பதினோரு மணிக்குச் சுகந்தி அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து நேராக வந்தார். அம்மாவின் சேலை முழுக்க ஈரம். கேன்சலார் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. இட்லி சொல்லவா?" என்று கேட்டவரைப் பார்த்து, அந்த அம்மா கை கூப்பினார். கேன்சலார் என்ன செய்வதென்று தெரியாமல், சமையல்கட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சுகந்தி கவுண்டருக்கு வந்து, "உங்கட அய்யாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணா. பார்க்க வேணும் போல இருக்கு" என்றார். மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். சுகந்தியே பரிமாறினார்.

கேன்சலார் அதற்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பரும் மாறிவிட்டது. இந்நேரம் எந்த ஊரில், எந்தக் கடையின் பில்லைப் படித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. அந்தக் கடையில் வேலை பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.