கத்தி படணும்னா கத்தக் கூடாது

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் வீரய்யாவை எறும்பு கடித்தால் கீழ் லயத்துக்குச் சேதி தெரிந்துவிடும். அத்தனை பெரிய தொண்டை. அப்படிப்பட்டவருக்கு முழங்கால் தேய்ந்தது என்றால், அது லயத்துக்கே வந்த சோதனை.

மகன் கிருஷ்ணராஜ் கொழும்பில் வேலையாக இருந்தான். பொழுது சாய்ந்தால் மனைவி ரெங்கம்மாவும், "விஜயலெட்சுமி வீட்டுல நாடகம் பாத்துட்டு வாறேங்க" என்று கீழ் லயத்துக்கு இறங்கிவிடுவாள். படி இறங்க முடியாத வீரய்யா வாசலில் உட்கார்ந்து, கீழே தெரியும் அந்த வீட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். பனிமூட்டம் வந்து அதையும் மறைத்துவிட்டால், பேச்சுத் துணைக்கு முழங்கால் ஒன்றுதான். அதோடு முனகிக்கொண்டிருப்பார்.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் புதுமாப்பிள்ளை போலப் பூரித்துப் போனார். ஆனால் வரிசையில் பக்கத்தில் இருந்த ஒருவர் காதோடு ஒரு சேதி சொன்னார்.

"வலி தாங்காத ஆளுகளத் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

அங்கேயே வீரய்யா சபதம் எடுத்தார். கத்தி படணும்னா கத்தக் கூடாது!

எவ்வளவு வலி தாங்குவார் என்று பார்க்க, டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியால் அவர் கையை அழுத்தினார்.

"வலிச்சா சொல்லுங்க ஐயா."

"இதெல்லாம் வலியாங்க? பூ வச்ச மாதிரி இருக்கு."

"கண்ணுல தண்ணி வருதே?"

"அது ஒங்க நல்ல மனசப் பாத்துங்க."

பின்னால் நின்ற ரெங்கம்மா அவர் தோளில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஐயோ, செத்தேன்!"

வெளியே மருந்துக்கு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதாங்க இவரோட அசல் சத்தம்" என்றாள் ரெங்கம்மா. "திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயந்து பொய் சொல்றாரு. அத நம்பி மருந்தக் கொறச்சுடாதீங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சில பேரு உடம்பு சின்ன வலியையும் பெருசாத்தான் கேக்கும் ஐயா, ரேடியோவக் கூட்டி வச்ச மாதிரி. அது நடிப்பு இல்ல. ஒங்கள அனுப்பிட மாட்டோம். ஆனா மூட்டு மாத்துனாலும் வலி முழுசாப் போகும்னு எதிர்பாக்காதீங்க. சரி, புதுக் கால் வந்தா என்ன செய்யணும்னு ஆசை?"

வீரய்யா மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "படி எறங்கணும்ங்க. பொழுதுபட்டா இவ பக்கத்துல போயி ஒக்காரணும்."

ரெங்கம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா சொன்னது போலவே வலி பாதி போனது, பாதி தங்கியது. மாதக்கணக்கில் காலை மடக்கி நீட்டிப் பழகினார். ஒருநாள் அந்திவேளையில் தலை வாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, தடியூன்றி ஒவ்வொரு படியாக இறங்கியேவிட்டார்.

"அடடே, மாமாவா! வாங்க, வாங்க" என்றாள் விஜயலெட்சுமி.

உள்ளே டீவி இருண்டு கிடந்தது. வாங்குப் பலகையில் சாய்ந்து ரெங்கம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாடகம் முடிஞ்சிருச்சா?"

"டீவி பழுதாகி வருசமாச்சே மாமா! அத்தை சத்தமில்லாத எடத்துல கொஞ்சம் கண்ண மூடத்தான் வருவாங்க."

ரெங்கம்மா விழித்தாள். அவரைக் கண்டதும் அவள் கண் கலங்கியது. "நீங்களாவா எறங்கி வந்தீங்க!" கையைப் பிடித்துத் தன் இடத்திலேயே அவரை உட்கார வைத்தாள்.

வீரய்யாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டார்.

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"வீட்டுக்குத்தாங்க. நீங்கதான் இங்க வந்துட்டீங்களே, இனி அங்கயே நிம்மதியாத் தூங்கலாம்."