அசையாத சக்கர நாற்காலி

முறிந்த எலும்பை ஒட்டவைத்து அனுப்பும் புத்தூரில், கம்ப்யூட்டர் திரையில் பொருள்களின் உதிரிபாகங்களைப் படமாக ஒட்டவைக்கவும் ஒரு பயிற்சி நிலையம் வேண்டும் என்று அரசு தீர ஆலோசித்து முடிவெடுத்தது. தேர்வுக்கு வைத்த உருப்படியும் ஊருக்கு ஏற்றதுதான்: சக்கர நாற்காலி.

யாமினிக்குச் சான்றிதழ் கிடைத்தால் தடா பக்கம் கம்பெனி வேலை. கிடைக்காவிட்டால் நைனா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அதனால் ஒழுங்காகவே கற்றாள். சட்டத்தை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தின் துளையை அச்சோடு சேர்த்து, நழுவாமல் தடுத்து, சுழல மட்டும் இடம் விட்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கன்னையா மவுஸால் தட்டினார். திரையில் சக்கரம் சுற்றியது. அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா, ஆடிக்கினு இருக்குது?"

"சக்கரம் சார். சுத்தணும்."

"யார் அனுமதி குடுத்தது?"

மற்றவர்களுக்குப் பயிற்சியாளர் ஜெயபிரகாஷ் முன்பே வழி சொல்லியிருந்தார். பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றுக்கும் 'ஃபிக்ஸ்' கொடுத்துவிட்டால் பூகம்பத்துக்கும் அசையாது. அவற்றைத் தட்டிப் பார்த்த கன்னையா, கட்டுப்பாடு போற்றத்தக்கது என்று பதிவு செய்தார்.

யாமினி விடவில்லை. "இதுல நோயாளி எப்படி சார் போவாங்க?"

"நோயாளி அசையக் கூடாதுன்னுதானே கட்டு கட்டறாங்க?"

ஜெயபிரகாஷ் அவள் காதருகே குனிந்தார். "ஒரே கிளிக்கும்மா. வாதம் பண்ணிக்கினே இருந்தா, மிச்சத்த மாப்பிள்ளை கிட்டதான் பண்ணணும்."

அவள் கிளிக் செய்தாள். சக்கரம் நின்றது. சான்றிதழ் வந்தது. பாகங்கள் அதனதன் இடத்தில் பொருந்தி உட்கார்ந்திருந்தது அவளுடையதில் மட்டும்தான் என்பதால், மேற்படி நாற்காலியே சிறந்ததென்று தேர்வானது. பட்டறைக்காரர்கள் படத்தில் உள்ளபடியே சக்கரங்களைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து, முதுகில் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

நாற்காலியின் திறப்பு விழாவில் கன்னையா ஏறி அமர்ந்தார். தள்ளினார்கள், நகரவில்லை. அசையாததைப் போற்றி எழுதியவரே அவர், ஆகையால் குறை சொல்லி இறங்கவும் முடியவில்லை. திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சாமி வாகனம் தூக்கத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? அடியில் மூங்கில் கொடுத்து, தோளில் ஏற்றி, மேடையை நோக்கி உலா கிளம்பிவிட்டார்கள். சான்றிதழ் பெற்றவர்களுக்கு முன்வரிசை.

"பாத்தியாம்மா," என்றார் கன்னையா மேலேயிருந்து, "எவ்ளோ நைசா ஓடுது."

தோள் எரிய எரிய, "ஆமா சார்" என்றாள் யாமினி.