சந்தனம் வைத்த பாட்டு

பிள்ளைகளா, அம்மா பாடிய டேப்பில் நடுவே பாட்டு நின்று, யாரோ தொடையில் தட்டுகிற சத்தம் மட்டும் வருகிறதே, அது ஏன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் வால்வு அண்ணனைச் சொல்ல வேண்டும். மலாக்காவில் அவரளவு கோபக்காரர் அவருக்கு முன் இருந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை.

காஜா பெராங் சாலையில், கோப்பிக்கடைக்குப் பக்கத்தில் ரேடியோ பழுது பார்த்தவர். மழை பெய்தால் வானத்தைத் திட்டுவார், வெயில் அடித்தால் வந்தவரைத் திட்டுவார். கோப்பிக்கடைத் தவுக்கேயின், அந்தச் சீன முதலாளியின், ரேடியோவுக்குள் கரப்பான்கள் குடும்பம் நடத்துவதைக் கண்டுபிடித்து, அத்தனையையும் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். "உங்க வீட்டு ஆளுங்க. எண்ணிப் பாத்துக்க." தவுக்கே ஒரு மாதம் அவருக்குக் கோப்பி தரவில்லை. அந்த மாதம் முழுக்க நாங்கள் எல்லோரும் திட்டு வாங்கினோம்.

சுதந்திரம் வந்த சமயம். நான் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. என் வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறும் முன் தன் டேப் ரெக்கார்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் மண்டபத்துக் கச்சேரியில் அம்மா பாடினாள். முதல் வரிசையில் மைக்கைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்து பதிவு செய்தேன். சில வாரத்தில் அவளுக்குக் கழுத்துக் கட்டி. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, குரலும் போனது. நீங்கள் கேட்டு வளர்ந்த கரகரப்புதான் மிச்சம். அவள் பாட்டு என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு சுருள்தான்.

ஆயுத பூஜை வந்தது. சைக்கிளுக்கு ஒரு பொட்டு, தையல் மிஷினுக்கு ஒரு பொட்டு. சுருள் உசத்தி இல்லையா, அதற்குச் சுற்றியிருந்த டேப்பின் மேலேயே மூன்று விரலால் சந்தனம், நடுவில் குங்குமம் வைத்தேன். அடுத்த வாரம் போட்டுக் கேட்டால் அவள் குரல் வருகிறது, மறைகிறது, வருகிறது, மறைகிறது.

மெஷின்தான் கெட்டது என்று தூக்கிக்கொண்டு போனேன். வால்வு அண்ணன் சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கிராணி ஐயா, இது டேப்பா, மாரியம்மனா?"

"பூஜை அண்ணே..."

"தேங்கா உடைக்கலையா இதுமேல? சுத்துக்கு ஒரு தடவ பாட்டு விட்டுப் போகுதே, சுத்துக்கு ஒரு தடவ உன் சந்தனம் வந்து நிக்குதுய்யா."

எனக்கும் கோபம் வந்தது. "சரி பண்ண முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"எதுக்குப் பண்ணணும்? பாடுனவங்களக் கூட்டிட்டு வா. இன்னொரு தடவ பாடட்டும். நீ மட்டும் வராத."

மறுநாள் அவளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, இந்தக் குரல்ல பாடுனா உங்க மெஷின் எழுந்து ஓடிடும்," என்றாள்.

அண்ணன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இத நேத்தே சொல்றதுக்கென்ன? உன் வாயிலயும் சந்தனமா?"

ஒன்பது நாள் வேறு எந்த ரேடியோவையும் தொடவில்லை. நனைத்த பிரஷ்ஷால் டேப்பை முழம் முழமாகத் துடைத்தார். முழத்துக்கு ஒரு வசவு. தெருவில் போனவர்கள் யாரைத் திட்டுகிறார் என்று விசாரித்து, என்னைத்தான் என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போனார்கள்.

குரல் திரும்பியது. ஓர் இடத்தில் மட்டும் குங்குமம் உரசி, பாட்டைத் தாங்கியிருந்த மேல்பூச்சே போயிருந்தது, ஓர் ஆவர்த்தன நீளத்துக்கு, தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு.

"அத வெட்டி ஒட்டிடலாமே," என்றேன்.

"வெட்டுனா தாளம் நொண்டும். உன் கைவரிசைக்கு அந்தப் பாட்டு நொண்டணுமா? தங்கச்சி, இங்க வா. பாட வேணாம். தாளம் மட்டும் போடு."

அவள் மனதுக்குள் பாடிக்கொண்டே தொடையில் தாளம் போட்டாள். அதைப் பதிவு செய்து, அளந்து வெட்டி, அந்த இடத்தில் ஒட்டினார். போட்டுக் கேட்டோம். பாட்டு நிற்கிறது, அவள் கை நடக்கிறது, சரியான இடத்தில் பாட்டு வந்து சேர்ந்துகொள்கிறது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுறதுன்னா வெளிய போய் அழுங்க. மெஷின்ல ஈரம் படும்," என்றார். அவர்தான் முதலில் வெளியே போனார்.

கிளம்பும்போது அந்தப் பிரஷ்ஷை என் சட்டைப் பையில் செருகினார். "இதால தூசி மட்டும் தட்டு. வேற எதையும் டேப்புகிட்ட கொண்டு போகாத."

போன மாதம் குருபோங்கில் மகள் வீட்டில் அவர் இறந்துபோனார். சுடுகாடு வரை போய்விட்டு வந்து குளித்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா கடைக்குப் போயிருந்தாள். அலமாரியிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, சந்தனம் குழைத்து, ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். மயிரில் படாமல், பிடியில் மட்டும்.